கட்டாத சிவப்புத் துணி

வேலையிடத்தில் எனக்கு வைத்திருந்த பெயர் ‘ஆகட்டும் அக்கா’. யார் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பேன், சொன்னபடி செய்துவிடுவேன். சொல்லாத எதையும் செய்ததில்லை. இதை நல்ல குணம் என்றே நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். சொன்னார்கள், செய்தேன், தப்பென்றால் சொன்னவர் தலையில் விடியும். என் தங்கச்சி மட்டும் சின்ன வயதிலிருந்தே இதை வேறு மாதிரி சொல்வாள். “இவ தானா கை நீட்டி ஒரு டம்ளர் தண்ணி குடுக்க மாட்டா. தாகத்துல சாகுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நான், இரண்டிலிருந்து அவள். ஒரே இஸ்திரி உருளை. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காது. உள்ளே நீராவி ஓடிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக் கொடுத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொண்டு, பின்பக்கம் காய்ந்த துணியாகத் தள்ளும். கொடுக்கிற இடத்தில், உருளைக்கு முன்னால், குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் தவறி உள்ளே போகப் பார்த்தால் முதலில் அந்தக் கம்பியில் படும். பட்ட நொடியில் உருளை நின்றுவிட வேண்டும். நாங்கள் அதைக் காவல் கம்பி என்போம்.

சுவரில் ஆணி அடித்து ஒரு சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். இயந்திரத்தில் கோளாறு என்று மனசில் பட்டாலே போதும், அந்தத் துணியைக் கைப்பிடியில் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் எப்பேர்ப்பட்டவர் வந்தாலும் ஓட்டக்கூடாது. நல்ல சட்டம்தான், ஆனால் அதற்கு ஒரு வால் இருந்தது. கட்டியவள்தான் மெக்கானிக் வரும்வரை கூடவே நிற்க வேண்டும், அவள்தான் அவிழ்க்கவும் வேண்டும். மெக்கானிக் ஊரின் மறுகோடியிலிருந்து ஆடி அசைந்து வருவார். அதற்குள் சூப்பர்வைசர் நாலு தடவை வந்து, “மெஷின்ல கோளாறா, இல்ல உங்க கண்ணுல கோளாறா?” என்று கேட்டுவிட்டுப் போவார். பூனைக்கு யார் மணி கட்டுவது? துணி அங்கேயே தொங்கிப் பழுப்பேறிப் போயிற்று. நாங்கள் வாய்ச்சொல்லிலேயே காலம் தள்ளினோம். போகிறவள் வருகிறவளிடம், “இடது பக்கம் கொஞ்சம் இழுக்குது, பாத்துக்கோ” என்பாள். வருகிறவள் பார்த்துக்கொள்வாள்.

இதில் ஒரே சிக்கல், நானும் என் தங்கச்சியும் பேசிக்கொள்வதில்லை.

பதினாலு மாதமாகப் பேச்சில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், இதே மருத்துவமனையில், மூன்றாவது மாடியில். எனக்கு அவள் சொல்லவில்லை. சூப்பர்வைசர்தான், “உங்க தங்கச்சி ஒரு மாசம் லீவு, ஆபரேஷன், தெரியாதா?” என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? சொல்லட்டும், போகிறேன் என்று இருந்துவிட்டேன். புருஷன் விட்டுப் போய் எட்டு வருஷம் ஆனவள், பிள்ளை குட்டி இல்லாதவள், அவளுக்கு ஆள் என்று நான் ஒருத்திதான். ஆறு நாள் அவள் மேலே படுத்திருந்தாள். நான் கீழே விரிப்புகளை உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படியேறினால் நாலு நிமிஷம். அவள் படுத்த விரிப்பும் என் கை பட்டுத்தான் போயிருக்கும்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “தெரிஞ்சும் வரலையா?”

“நீ சொல்லலையே.”

“சொன்னாத்தான் வருவியா?”

அவ்வளவுதான் சண்டை. குரல்கூட உயரவில்லை. அவள் வந்து பேசட்டும் என்று நானும், நான் போய்ப் பேசட்டும் என்று அவளும். அம்மா உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேர் முதுகிலும் ஒன்று போட்டு முடித்திருப்பாள்.

வேலை நடக்க வேண்டுமே, அதற்கு ரேடியோ இருந்தாள். காய்ந்து வரும் விரிப்பை மடித்து அடுக்குகிறவள். வாயை மூடத் தெரியாது, அதனால் அந்தப் பெயர். அவளுக்குப் பத்திலிருந்து ஆறு மணி வரை வேலை, ஆகவே என்னையும் பார்ப்பாள், என் தங்கச்சியையும் பார்ப்பாள்.

“நீராவி கம்மியா வருதுன்னு அவகிட்ட சொல்லு” என்பேன். ‘அவ’ ஐந்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

ரேடியோ திரும்பி, “நீராவி கம்மியா வருதாம்” என்பாள்.

“காது இருக்குன்னு சொல்லு.”

“காது இருக்காம்.” ரேடியோவுக்கு இதில் சந்தோஷம்தான். “ரெண்டு பேரும் இப்படியே இருங்கடி. நான் போய்ச் சேந்துட்டா கடுதாசி எழுதிக்குங்க” என்பாள். பதினாலு மாதம் அந்த உருளையின் நலம் அவள் நாக்கில் ஓடியது.

அன்று ரேடியோ பல் பிடுங்கப் போயிருந்தாள்.

ஒன்று நாற்பது இருக்கும். ஒரு விரிப்பின் மூலையைச் சரிசெய்யும்போது என் சட்டைக் கை காவல் கம்பியில் பட்டது. உருளை நிற்கவில்லை. கால்சுற்றுக்கு மேல் சுற்றி, யோசித்து, பிறகு நின்றது. துணி தள்ளும் குச்சியால் கம்பியைத் தட்டிப் பார்த்தேன், உடனே நின்றது. இன்னொரு தடவை தட்டினேன், தாமதமாக நின்றது. மூன்றாவது தடவை மறுபடி உடனே நின்றது. மூன்றில் இரண்டு சரி என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைப் போட்ட என் புத்தியை எதால் அடிப்பது?

ஆணியில் துணி தொங்கியது. இரண்டே காலுக்கு எனக்குப் பேருந்து. கட்டினால் ஐந்து மணியாகும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். என்னிடம் யாரும் கட்டு என்று சொல்லவில்லை. வருகிறவளிடம் வாயால் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ரேடியோ இல்லையென்றால் என்ன, நேராகவே சொல்வேன். சத்தியமாகச் சொல்கிறேன், நேராகச் சொல்வது என்றுதான் நின்றேன். ‘காவல் கம்பி சரியில்ல’ என்று மூன்று வார்த்தை. அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொன்னால் பதினாலு மாதமும் அதோடு முடிந்துவிடும் என்றுகூட ஒரு ஆசை வந்தது.

அவள் வந்தாள். தலைக்கு வலைத்தொப்பி மாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அப்போதுதான் மேசையைத் துடைத்து முடித்திருந்தேன். அதை என் கண் முன்னாலேயே மறுபடி துடைத்தாள். ஓரத்தை, கால்களை, நான் துடைத்த ஒவ்வொரு இடத்தையும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்வரை வந்த மூன்று வார்த்தையை விழுங்கினேன். ‘மெஷின் எப்படி இருக்கு’ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும், கேட்டால் சொல்கிறேன் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு மனசு உறுத்தியது. கைப்பேசியை எடுத்தேன். ‘காவல் கம்பி லேட்டா நிக்குது. பாத்துக்கோ’ என்று அடித்து அனுப்பினேன். பதினாலு மாதத்தில் அவளுக்கு நான் அனுப்பிய முதல் செய்தி. அனுப்பியதும் நிம்மதியாக இருந்தது. என் கடமை முடிந்தது, இனி அவள் பாடு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை நேரத்தில் யாரும் கைப்பேசி வைத்திருக்கக்கூடாது. உள்ளே போகுமுன் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக நானும் அப்படித்தான் பூட்டுகிறேன். அவள் கைப்பேசி அலமாரிக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

இரண்டரைக்கு அது நடந்தது. நான் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் கூப்பிட்டார். “உங்க தங்கச்சிக்குக் கைல அடி. கொஞ்சம் வாங்க.” கொஞ்சம் என்ற சொல்லை எங்கே எல்லாம் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள். நான் போனபோது அவளை அறுவை அறையிலிருந்து தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். இடது கை மணிக்கட்டோடு முடிந்து, மேலே பெரிய வெள்ளைக் கட்டு. அவள் இடது கைக்காரி. சோறு மட்டும்தான் வலது கையால் சாப்பிடுவாள், அதுவும் அம்மா அடித்துப் பழக்கியது. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கு மேல் நான் என்ன செய்தேன் தெரியுமா? கூப்பிடட்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போனேன். மறுநாள் மாடிப்படி வரை வந்து திரும்பினேன். அதற்கு மறுநாளும். பட்டும் திருந்தாத ஜென்மம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொள்வதற்கு மாடி ஏற வேண்டியதில்லை.

மெக்கானிக்கும் உடனே வந்துவிட்டார், இந்த முறை ஓடி வந்தார். காவல் கம்பியைத் தட்டிச் சோதித்தபோது உருளை ஐந்து தடவையும் ஒழுங்காக நின்றதாம்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் என்னை அறைக்கு அழைத்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை, ‘முன்வந்து செய்பவரே முன்னேறுவார்’ என்று. அவரே எழுதி ஒட்டியது. மனுஷன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அன்று எனக்கு உட்கார நாற்காலி போட்டார், வாழ்க்கையில் முதல் தடவை.

“உங்க தங்கச்சி போன்ல நீங்க அனுப்பின மெசேஜைப் பாத்தோம். சொந்தக்காரங்க நம்பர் எடுக்கத் திறந்தோம், மேலேயே இருந்துச்சு. பாருங்க, வேலை முடிஞ்சு போறவங்க, பஸ்ல இருந்துகூட எச்சரிச்சிருக்கீங்க. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் தொண்டைத் தண்ணி வத்த சொல்றேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எதை சார்?”

“முன்வந்து செய்யறதை. உங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வரும். விசாரணை வெள்ளிக்கிழமை முடியுது. எச்சரிக்கை போயிருக்கு, கவனிக்கலைன்னு எழுதிடுவாங்க. நீங்க வரவேண்டியதில்ல, அந்த ஷிப்ட் ஆளுங்களை மட்டும்தான் கேக்கறாங்க.”

“போன் அலமாரில இருந்திருக்குமே சார்.”

“மெசேஜ் போய்ச் சேந்திருக்கு இல்ல? அது போதும்.” அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்து நீராவிக் குழாய் ஓரமாக நின்றேன். அவளைக் காப்பாற்றாத செய்தி இப்போது அவளைக் குற்றவாளி ஆக்கியிருந்தது. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. இயந்திரக் கோளாறு என்றால் மருத்துவமனை அவளை உட்கார்ந்து செய்யும் வேலையில் வைத்தாக வேண்டும். ஒற்றைக் கைக்காரியை வெளியே யார் எடுப்பார்கள்? கம்பி அன்று சரியில்லை என்று பார்த்த கண் உலகத்தில் இரண்டுதான். இரண்டும் என் முகத்தில் இருந்தன.

மாலையில் ரேடியோ என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவள்தான் தினமும் மேலே போய் என் தங்கச்சிக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் பல்லைப் பிடுங்கப் போன நாள் பாத்தியா” என்றாள். அழுதிருந்தாள். “ஒண்ணு கேக்கறேன். பஸ்ல ஏறின பிறகா உனக்குக் கம்பி ஞாபகம் வந்துச்சு? கையில மெஷின் இருந்தப்போ தெரியலையா?”

“தெரியும்.”

“எப்பத்துலருந்து?”

“ஒண்ணு நாப்பதுலருந்து.”

ரேடியோ அப்படியே நின்றாள். அவள் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில், “இதை விசாரணையில சொல்லுவியா?” என்றாள்.

“கேட்டா சொல்லுவேன்.”

“கேக்கலைன்னா?”

நான் கொடியில் காய்ந்த துணியை எடுக்கத் திரும்பினேன். அவள் என் காலடியில் துப்பினாள். துப்பியதில் கொஞ்சம் இரத்தம் இருந்தது, பல் பிடுங்கிய இடத்திலிருந்து. “உன்னைப் பெத்தவளுக்கு உன் பிரசவத்துல வலியே வந்திருக்காது. வெளிய வான்னு சொல்ற வரைக்கும் உள்ளேயே இருந்திருப்ப” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் விசாரணை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. கதவு திறக்கட்டும், யாராவது ‘என்ன வேணும்’ என்று கேட்கட்டும். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு காவலாளி வந்தான், என்னைத் தாண்டிப் போனான். உள்ளே சூப்பர்வைசரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன், நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. கதவைத் தட்டவில்லை. தட்டினால் ‘உள்ளே வா’ என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கும். நேராகத் திறந்துகொண்டு போனேன்.

கண்ணாடி போட்ட விசாரணை அதிகாரி நிமிர்ந்தார். “உங்களைக் கூப்பிட்டோமா?”

“இல்ல சார்.”

“பின்ன?”

சொன்னேன். ஒன்று நாற்பது, சட்டைக் கை, குச்சியால் தட்டியது, மூன்றில் ஒரு தடவை உடனே நிற்காதது. மெக்கானிக் ஐந்து தடவைதான் தட்டினார், ஐம்பது தடவை தட்டிப் பாருங்கள் என்றேன். சிவப்புத் துணியை யாரும் ஏன் கட்டுவதில்லை என்று சொன்னேன். மேசையை அவள் மறுபடி துடைத்ததையும் சொன்னேன், அது அவருக்குத் தேவையில்லாதது. போன் அலமாரியில் இருக்கும் என்று தெரிந்துதான் செய்தி அனுப்பினேன் என்றபோது சூப்பர்வைசர், “சார், அதிர்ச்சியில பேசறாங்க” என்றார்.

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். “கோளாறு தெரிஞ்சும் துணி கட்டாம மெஷினை ஒப்படைச்சீங்கன்னு எழுதணும். உங்க வேலை போகும். தெரியுமா?”

ஆகட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “எழுதுங்க. வாசிச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்” என்றேன்.

இருபத்திரண்டாவது தடவை தட்டியபோது உருளை நிற்காமல் அரைச்சுற்றுச் சுற்றியதாம். காவல் கம்பிக்குள் ஒரு ஒயர் அரைகுறையாக அறுந்திருந்ததாம். ஒரு கை போன பிறகு ஒயரைக் கண்டுபிடித்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்தவர்களில் நான் முதல் ஆள், அவர்களைச் சொல்ல எனக்கு வாயில்லை. அறிக்கையில் இயந்திரக் கோளாறு என்று மாற்றி எழுதினார்கள். மறுநாளிலிருந்து நான் வரவேண்டாம் என்று தாள் கொடுத்தார்கள். பாராட்டுக் கடிதம் எங்கே போயிற்றோ.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். நாலு நிமிஷம் என்று நினைத்திருந்தேன், மூன்றுதான் ஆயிற்று.

அவள் சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எங்களுக்கு நடுவில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

“ரேடியோ சொன்னா” என்றாள், சுவரைப் பார்த்தபடியே. பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். “உன்னை யாராவது கூப்பிட்டாங்களா?”

“இல்ல.”

“நீயா போய் சொன்னியா?”

“நானாத்தான்.”

“ஒரு நிமிஷம் நின்னே இல்ல அன்னைக்கு? பையை மாட்டிக்கிட்டு. எனக்குத் தெரிஞ்சுச்சு, ஏதோ சொல்லத்தான் நீ நிக்கறன்னு. நான் கேட்டிருக்கலாம். நான் எதுக்குக் கேக்கணும், அவளே சொல்லட்டும்னு இருந்தேன்.” பிறகு, “உன்னைக் குத்தம் சொல்லியே வளந்தேன். நானும் அதேதான்” என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் நிற்க இடம் இல்லை. அவள் முடி பின்னால் சிக்குப் பிடித்து, ஒரு பக்கம் கயிறாகத் திரிந்து கிடந்தது. ஒரு வாரமாகச் சீப்புப் படவில்லை. ரேடியோ சாப்பாடு கொடுத்தாளே தவிர இதைக் கவனிக்கவில்லை. மேசையில் சீப்பு இருந்தது. தலை வாரிவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முடியின் நுனியைப் பிடித்தேன்.

“தொடாத” என்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் என்னைத் தள்ள இடது கையை ஓங்கினாள்.

கை என் மேல் படவில்லை. கட்டுப் போட்ட முனை என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. ஒரு சாண் குறைந்தது. அவளும் அந்த இடைவெளியைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் அழவில்லை, கையைக் கீழே போடவும் இல்லை, அது அப்படியே நீட்டியபடி இருந்தது.

தள்ளுவதற்கு எட்டட்டும் என்று நான் நெருங்கி உட்கார்ந்தேன்.